உஷார்! தண்ணீர் சுட்டதும் தறிகெட்டுச் சுற்றும் காற்றாடி

மொட்டைமாடியிலோ தோட்டத்து மோட்டார் ரூம் மேலேயோ நீங்களே ஒரு காற்றாடி செய்து நட்டு, அதில் வரும் கரண்டில் குளிக்கச் சுடுதண்ணீர் போடலாம் என்று நினைத்திருக்கிறீர்களா? வேலையை அப்படியே நிறுத்திவிட்டு இதைப் படியுங்கள். ஏற்கெனவே நட்டுவிட்டீர்கள் என்றால், காற்று ஓய்ந்திருக்கும் நேரம் பார்த்து இறக்கையைக் கயிற்றால் கட்டிப்போட்டுவிட்டு வந்து படியுங்கள். பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன்.

போன ஆடியில் உடுமலைப் பக்கம் மச்சினனின் தோட்டத்துக்குப் போயிருந்தேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று அங்கே ஆள் நிற்க விடாது. அதைப் பார்த்துத்தான் அவனுக்கு ஆசை வந்திருக்கிறது. மோட்டார் ரூம் தளத்தில் இரண்டு அங்குல ஜி.ஐ. குழாயை நட்டு, உச்சியில் ஒரு பழைய பேட்டரி ஸ்கூட்டரிலிருந்து கழற்றிய 48 வோல்ட் ஹப் மோட்டாரை மாட்டியிருந்தான். எட்டு அங்குல பி.வி.சி. குழாயை நீளவாக்கில் அறுத்து, ஓரத்தை ராவி, மூன்று இறக்கைகள். நுனிக்கு நுனி இரண்டு மீட்டர் வட்டம். கீழே காயலான் கடையில் வாங்கிய 25 லிட்டர் கீசர் தொட்டி. உள்ளிருந்த ஹீட்டர் கம்பியை எடுத்துவிட்டு 48 வோல்ட் கம்பி போட்டிருந்தான். தெர்மோஸ்டாட் மட்டும் பழையதே.

"காத்து சும்மாதானுங் மாமா வீசுது. கரண்டு பில்லும் இல்ல, வெறகும் இல்ல. குழாயத் தொட்டுப் பாருங்" என்றான். தொட்டேன். சுரீர் என்றது. காலை ஒன்பது மணிக்கு ஓடவிட்டது, மதியத்துக்குள் நன்றாகவே சுட்டிருந்தது. எனக்கும் அவன் மேல் பெருமையாகத்தான் இருந்தது.

அப்போதுதான் தொட்டிக்குள்ளே 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். தெர்மோஸ்டாட் கட் ஆகிவிட்டது. அடுத்த சில நொடிகளில் மேலே கேட்டுக்கொண்டிருந்த 'விர்' சத்தம் ஏறி ஏறி விசிலாக மாறியது. "காத்து ஏறுதுங் மாமா" என்றான். பக்கத்துத் தென்னையைப் பார்த்தேன். ஓலைகள் முன்பு ஆடிய மாதிரியேதான் ஆடிக்கொண்டிருந்தன. காற்று ஏறவில்லை. காற்றாடிதான் ஏறியிருந்தது. குழாய் நடுங்கி, தளத்தில் கான்கிரீட் பொடி உதிர ஆரம்பித்தது. அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிணற்று மேட்டுக்கு ஓடினேன். பட்டாசு வெடித்தது போல் ஒரு சத்தம். ஓர் இறக்கை பிய்ந்து பறந்தது. மிச்சமிருந்த இரண்டும் குழாயை ஆட்டு ஆட்டென்று ஆட்டி வளைத்துவிட்டன.

பறந்த இறக்கை நாற்பது அடி தள்ளியிருந்த மாட்டுக் கொட்டகையின் சிமெண்ட் அட்டையைத் துளைத்துக்கொண்டு தவிட்டுத் தொட்டிக்குள் கிடந்தது. பத்து நிமிடத்துக்கு முன்பு அவன் அம்மா அதே இடத்தில் குனிந்து சாணி அள்ளிக்கொண்டிருந்தார்.

ஹீட்டர்தான் பிரேக்!

என்ன நடந்தது என்பதைப் பழைய சைக்கிள் டைனமோவை ஓட்டிப் பார்த்தவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். டைனமோவைச் சக்கரத்தில் சாய்த்து விளக்கை எரியவிட்டால் மிதிப்பது கனக்கும். விளக்கு எரிவதற்கான சக்தியை உங்கள் காலிலிருந்து அது பிடுங்குகிறது. காற்றாடியிலும் அதே கதைதான். ஹீட்டர் கரண்டை இழுக்கும்வரை மோட்டார் கனக்கும், இறக்கை அடங்கிச் சுற்றும். ஹீட்டரை அறுத்துவிட்டால் கனம் போய்விடும். இறக்கையைப் பிடித்து வைக்க ஆள் இல்லை.

வீட்டுச் சுவரில் இருக்கும் கீசரில் தெர்மோஸ்டாட் கட் ஆனால் கரண்டு ஒயரிலேயே நின்றுவிடும். ஒரு கெடுதலும் இல்லை. காற்று அப்படி நின்று காத்திருக்காது. கீசரில் உயிரைக் காப்பாற்றும் அதே பொருள் காற்றாடியில் பிரேக்கைப் பிடுங்கி எறிகிறது. இந்த ஒன்றைத்தான் இதை முயல்கிறவர்கள் கவனிக்காமல் விடுகிறார்கள். ஒயர் கழன்றாலும் இதுவேதான் நடக்கும். ஹீட்டர் கம்பி எரிந்து அறுந்தாலும் இதுவேதான். ஃபியூஸ் போனாலும் இதுவேதான்.

பிரேக் இல்லாத இறக்கை எவ்வளவு ஆபத்து? கணக்கைப் பாருங்கள். இரண்டு மீட்டர் காற்றாடி, நொடிக்கு 10 மீட்டர் காற்றில், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர் காற்றில், ஒழுங்காக ஹீட்டரோடு ஓடும்போதே நிமிடத்துக்கு 570 சுற்று சுற்றக்கூடும். அப்போது இறக்கை நுனியின் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். வீட்டு சீலிங் ஃபேனை முழு வேகத்தில் வைத்தாலும் அதன் நுனி மணிக்கு 80 கிலோமீட்டரை ஒட்டித்தான் போகும். இறக்கை ஒன்று ஒரு கிலோ எடை என்றால், அந்த 570 சுற்றில் அதன் அடிப்பக்க போல்ட்டை வெளிப்பக்கமாக இழுக்கும் விசை ஏறக்குறைய 145 கிலோ. சுற்று இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்காகும். கிட்டத்தட்ட 580 கிலோ! வெயிலில் காய்ந்து நொறுங்கிப்போன பி.வி.சி. துண்டையும் இரண்டு சிறு போல்ட்டையும் நம்பி இந்தச் சுமையை மாட்டியிருக்கிறோம்.

எட்டு மடங்குக் காற்று, நான்கு மடங்கு ஹீட்டர்

"தெர்மோஸ்டாட்டே வேண்டாம், ஹீட்டரை நேரடியாகவே மாட்டிவிடுகிறேன்" என்று சிலர் சொல்வார்கள். அதிலும் பொறி இருக்கிறது.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலிருக்கும் சக்தி எட்டு மடங்காகும். இரண்டு மீட்டர் வட்டத்துக்குள் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் நுழையும் காற்றில் இருப்பது சுமார் 235 வாட். அதை முழுவதும் எடுக்க முடியாது. எவ்வளவு நேர்த்தியான காற்றாலையாக இருந்தாலும் 59.3 சதவீதத்துக்கு மேல் எடுக்க இயற்கை விடாது என்பதை ஜெர்மானிய அறிஞர் ஆல்பர்ட் பெட்ஸ் நூறு ஆண்டுகளுக்கு முன்பே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். கையால் செய்தது கால்பங்கு எடுத்தாலே பெரிது. ஆக 60 வாட். காற்று 10 மீட்டரானால் 470 வாட். புயல் மாதிரி 20 மீட்டர் அடித்தால் 3,700 வாட்டைத் தாண்டும்.

ஹீட்டர் கம்பி இதற்கு ஈடாக வளராது. காற்று இரண்டு மடங்கானால் சுற்றும் வோல்ட்டும் இரண்டு மடங்காகும், அந்தக் கம்பி தின்னும் சக்தி நான்கு மடங்காகும். அவ்வளவுதான். 5 மீட்டர் காற்றில் 60 வாட்டுக்குச் சரியாக இருக்கும் கம்பி, 10 மீட்டரில் 240 வாட் கேட்கும். காற்று 470 தருகிறது. 20 மீட்டரில் அது 960 வாட் கேட்கும். காற்று 3,700-க்கு மேல் தருகிறது. மிச்சமெல்லாம் எங்கே போகும்? இறக்கையை இன்னும் வேகமாகச் சுற்றத்தான். பிரேக் அதிகமாகத் தேவைப்படும் நேரம் பார்த்து இந்தப் பிரேக் பலவீனமாகிறது.

கடையில் வாங்கும் 230 வோல்ட், 1,500 வாட் வாட்டர் ஹீட்டர் ராடை அப்படியே மாட்டினால் இன்னும் மோசம். 48 வோல்ட்டில் அது எடுப்பது வெறும் 65 வாட். பலத்த காற்றில் அது பிரேக்கே இல்லை.

டென்மார்க்கில் இதை முறையாகச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1973-ல் எண்ணெய் விலை எகிறிய பிறகு, வீட்டைச் சூடாக்கவே அங்கே காற்றாலைகள் செய்தார்கள். மின்சாரம் எடுக்காமல், காற்றாலையின் தண்டைக் கொண்டு தொட்டிக்குள் துடுப்பைச் சுழற்றித் தண்ணீரைக் கலக்கியே சூடாக்கினார்கள். தண்ணீரைக் கலக்கினால் சூடு பிறக்கும் என்று 1840-களில் ஜூல் காட்டிய அதே வித்தை. அதற்குப் பெயரே 'தண்ணீர் பிரேக்'. சுற்று இரண்டு மடங்கானால் துடுப்புக்குத் தேவையான சக்தி எட்டு மடங்காகும். காற்று எப்படி ஏறுகிறதோ அப்படியே பிரேக்கும் ஏறும். யோசித்துச் செய்த ஏற்பாடு அது. நாம் காயலான் கடைக் கம்பியால் செய்வது அதுவல்ல.

அந்த நாட்டிலேயே ரிசோ சோதனை நிலையம் காற்றாலைகளுக்கு அனுமதி தர வைத்த நிபந்தனை என்ன தெரியுமா? ஒன்றையொன்று சாராத இரண்டு பிரேக்குகள். ஒன்று போனாலும் இன்னொன்று நிறுத்த வேண்டும். அப்படியும் 2008 பிப்ரவரி 22 அன்று ஹார்ன்ஸ்லெட் என்ற ஊரில், தொழிற்சாலையில் செய்த பெரிய காற்றாலை ஒன்று பிரேக் தவறி, புயலில் தறிகெட்டுச் சுற்றி, இறக்கை கோபுரத்திலேயே மோதிச் சிதறி விழுந்தது. பொறியாளர்கள் கட்டியதற்கே அந்தக் கதி. நம் மாடியில் ஒரு பிரேக்கும் இல்லை.

தொட்டி குக்கராக மாறும்

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தவர்களுக்கு ஆபத்து மேலிருந்து கீழே இறங்குகிறது. இரவெல்லாம் காற்று அடிக்கும். நீங்கள் தூங்குவீர்கள். தண்ணீர் கொதிக்க ஆரம்பிக்கும். தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,600 மடங்கு இடம் கேட்கும். குக்கரில் அதற்காகத்தான் வெயிட்டும், வெயிட் அடைத்துக்கொண்டால் உருகி வழிவிட ஒரு சேஃப்டி வால்வும் வைத்திருக்கிறார்கள். குழாயை மூடி, வாயை இறுக்கி வைத்த ஒரு பழைய கீசர் தொட்டியில் என்ன இருக்கிறது? காயலான் கடைக்கு வந்த தொட்டியின் வால்வு துருப்பிடித்து அடைத்திருக்காது என்று யார் உத்தரவாதம் தருவது? மூடிய தொட்டி வெடித்தால் சுவரும் நிற்காது.

காற்று குறைவான நாட்களில் வேறொரு கெடுதல். தண்ணீர் சுடாமல் வெதுவெதுப்பாகவே நாள்கணக்கில் தொட்டியில் கிடக்கும். 20 டிகிரி முதல் 45 டிகிரி வரையுள்ள தண்ணீர்தான் நிமோனியா காய்ச்சலைத் தரும் லெஜியோனெல்லா என்ற கிருமிக்கு வசதியான இடம். அந்தத் தண்ணீர் ஷவரில் தூவலாக வந்து மூச்சோடு உள்ளே போகும். வயதானவர்கள் இருக்கும் வீடுகள் இதை அலட்சியம் செய்யக் கூடாது.

பாத்ரூமுக்குள் வரும் கரண்டு

"48 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது" என்பது இன்னொரு தப்புக் கணக்கு. 48 என்பது மோட்டார் மேல் எழுதியிருக்கும் எண். காற்றுக்கு அந்த எண் தெரியாது. சுற்று மும்மடங்கானால் வோல்ட்டும் மும்மடங்காகும். ஹீட்டர் அறுந்து காற்றாடி தறிகெடும் அந்த நேரத்தில் ஒயரில் 100, 150 வோல்ட் நிற்கலாம். நனைந்த உடம்போடு நிற்கிறவரைக் கொல்ல அது போதும்.

வீட்டில் ஆர்.சி.சி.பி. போட்டிருக்கிறேன் என்று நம்பாதீர்கள். அது மின்வாரிய லைனில் நடக்கும் கசிவைத்தான் பார்க்கும். மாடியிலிருந்து தனியாக இறங்கும் உங்கள் ஒயரை அது கண்டுகொள்ளாது.

டையோடு போட்டு டி.சி.யாக மாற்றியிருந்தால் தீ ஆபத்தும் சேரும். வீட்டு ஏ.சி. கரண்டு நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடும். சுவிட்ச் பிரியும்போது எழும் பொறி அதனால்தான் தானாக அணைகிறது. டி.சி. பூஜ்யத்தைத் தொடாது. பொறி அணையாமல் நின்று எரியும். ஏ.சி.க்காகச் செய்த தெர்மோஸ்டாட்டும் சுவிட்சும் அதில் உருகி ஒட்டிக்கொள்ளும். வெளியே பார்த்தால் சுவிட்ச் அணைந்த மாதிரி தெரியும், உள்ளே கரண்டு ஓடிக்கொண்டிருக்கும்.

குழாயையும் மறக்காதீர்கள். மணிக்கு 72 கிலோமீட்டர் காற்றில், சுற்றும் இரண்டு மீட்டர் காற்றாடி கம்பத்தின் உச்சியைப் பக்கவாட்டில் எழுபது கிலோ அளவுக்குத் தள்ளக்கூடும். இருபதடி உயரக் குழாயின் நுனியில் ஓர் ஆள் தொங்கிக்கொண்டு ஆட்டுகிற மாதிரி. அதை மோட்டார் ரூமின் பழைய தளமும் கைப்பிடிச் சுவரும் தாங்காது. பக்கத்தில் மின்கம்பி போகிறதென்றால், குழாயைத் தூக்கி நிறுத்தும் அந்த ஒரு நிமிடமே உயிருக்கு ஆபத்து.

இத்தனைக்கும் கிடைப்பது என்ன?

ஒரு வாளி, 20 லிட்டர் தண்ணீரை, 27 டிகிரியிலிருந்து 42 டிகிரிக்குக் கொண்டுபோக 0.35 யூனிட் கரண்டு வேண்டும். நொடிக்கு 5 மீட்டர் காற்றில் நம் காற்றாடி தரும் 60 வாட்டில் அதற்கு ஆறு மணி நேரம். வழியில் ஆறிப்போவதைச் சேர்க்காமலே ஆறு மணி நேரம். காற்று 3 மீட்டருக்கு இறங்கினால் 13 வாட்தான். ஒரு நாள் முழுதும் ஓடினாலும் ஒரு வாளி சுடாது.

இன்னொன்று. நம் ஊரில் காற்று எப்போது? வைகாசியில் தொடங்கி புரட்டாசி வரை. அதுவும் மதியத்துக்கு மேல். சுடுதண்ணீர் எப்போது வேண்டும்? மார்கழி, தை விடியற்காலையில். கயத்தாறிலும் முப்பந்தலிலும் பல்லடத்திலும் வரிசையாக நிற்கும் பெரிய காற்றாலைகளைப் பாருங்கள். ஆடியில் சுற்றும் சுற்றை அவை மார்கழியில் சுற்றுவதில்லை. அவ்வளவு உயரத்தில் நிற்கும் அவற்றுக்கே அப்படியென்றால், மரமும் மாடியும் மறைக்கும் இருபதடிக் குழாய்க்கு என்ன கிடைக்கும்? வேண்டாத மாதத்தில் உயிரை வாங்கும் அளவுக்குத் தரும், வேண்டிய மாதத்தில் கையை விரிக்கும்.

எந்தச் சூழ்நிலையிலும் இவற்றை விடாதீர்கள்

காற்றாடி ஏற்கெனவே நிற்கிறது, கழற்ற மனமில்லை என்பவர்கள் கீழே உள்ளதில் ஒன்று குறைந்தாலும் ஓட்டக் கூடாது.

• காற்று மிஞ்சினால் காற்றாடி தானே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மடக்கு வால் வேண்டும். வெல்டிங் வைத்து இறுக்கிய வால் ஆகாது.

• தெர்மோஸ்டாட் கரண்டை அறுக்கக் கூடாது. தண்ணீர் சுட்டதும் கரண்டு இன்னொரு ஹீட்டருக்கு மாற வேண்டும். அந்த இரண்டாவது ஹீட்டர் திறந்த வெளியில், அதே அளவு சக்தியைத் தின்பதாக இருக்க வேண்டும். மாறும் நொடியில்கூடக் காற்றாடி சும்மா சுற்றக் கூடாது.

• தொட்டியின் மேல் எப்போதும் திறந்தே இருக்கும் ஆவிக் குழாய். அதில் வால்வோ மூடியோ போடக் கூடாது.

• மோட்டாரிலிருந்து வரும் மூன்று ஒயரையும் ஒன்றாகச் சேர்த்து அதை அடக்கும் நிறுத்து சுவிட்ச். காற்று ஏறும் முன்பே போட வேண்டும். பேய்க்காற்றில் போட்டால் மோட்டார் காயில் எரிந்து, இருந்த பிரேக்கும் போய்விடும்.

• பி.வி.சி. இறக்கை வேண்டவே வேண்டாம்.

• வீட்டின் மேல் வேண்டாம். ஆள், மாடு, பாதை, மின்கம்பி எதுவும் அருகில் இல்லாத இடம் வேண்டும். இறக்கை சுற்றும் வட்டத்தின் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது.

• அந்த ஒயர் பாத்ரூமுக்குள் போகவே கூடாது. தண்ணீரை வெளியில் சுடவைத்து வாளியில் பிடித்துக்கொண்டு உள்ளே போங்கள்.

• ஓடும் காற்றாடிக்குக் கீழே ஏணி வைக்காதீர்கள். கயிறு போட்டு நிறுத்தப் பார்க்காதீர்கள். தறிகெட்டுவிட்டால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: எல்லாரையும் கூட்டிக்கொண்டு தூர ஓடுங்கள். போனால் காற்றாடி போகட்டும்.

என் மச்சினன் வளைந்த குழாயை அறுத்து மாட்டுக் கொட்டகைக்கு முட்டுக் கொடுத்துவிட்டான். அதே மோட்டார் ரூம் தளத்தில் இப்போது 100 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டர் நிற்கிறது. மார்கழியிலும் உடுமலையில் வெயில் அடிக்கிறது. மழை மூடிய நாளில் தோட்டத்து மட்டையைப் போட்டுத் தாமிர பாய்லரில் வெந்நீர் வைக்கிறார்கள். சுற்றுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை, பிய்ந்து பறப்பதற்கும் ஒன்றும் இல்லை.

பிள்ளைகள் காற்றாடி செய்து மின்சாரம் எடுக்க ஆசைப்பட்டால் செய்யட்டும். கையளவு இறக்கை, ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கு, அதோடு போதும். ஆள் உயர இறக்கையைக் கட்டி, அதை அடக்கும் வேலையை ஒரு வாளித் தண்ணீரிடம் விடாதீர்கள். இதைப் படித்து முடித்ததும் உங்கள் தெருவை, உங்கள் உறவை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். யாராவது பி.வி.சி. குழாயை அறுத்துக்கொண்டிருந்தால், அடுத்த காற்றுக் காலம் தொடங்கும் முன் நேரில் போய் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: ஹீட்டர் அறுந்த நிமிடம், பிரேக்கும் அறுந்தது.